கனிக்குப் போட்ட வளையம்

ஜனவரி 20, திங்கள்

மதுரையிலிருந்து திரும்பும்போது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. மெஸ்ஸை வேலாயுதம் மாஸ்டரிடம் விட்டுப் போயிருந்தேன். மதியம் ரசம் பாதியில் தீர்ந்து, சாப்பிட வந்தவர்கள் முணுமுணுத்திருக்கிறார்கள். ஒரு நாள் நான் இல்லையென்றால் இதுதான் கதி.

எடையைக் குறைக்கக் கனிக்கு ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தது அவள்தான். போன மாதம் மெஸ்ஸின் பின்கட்டில் மூச்சு வாங்கி உட்கார்ந்தவளை நானும் மாஸ்டரும் சேர்ந்துதான் தூக்க வேண்டியிருந்தது. அன்றைக்கே மனதுக்குள் தீர்மானித்திருப்பாள் போல. சர்க்கரை இருக்கிறது. முழங்கால் வலி இருக்கிறது. தூங்கும்போது மூச்சு நின்று நின்று வருகிறது. எல்லாம் எனக்கும் தெரியும். அதற்காகக் கட்டின பெண்டாட்டியின் வயிற்றைக் கிழிப்பதா?

டாக்டர் பிரிசில்லா சின்ன வயதுக்காரர். காகிதத்தில் படம் போட்டுப் பொறுமையாகச் சொன்னார். இரைப்பையின் மேலே கோழிமுட்டை அளவுக்கு மட்டும் தனியாகப் பிரித்து, குடலைக் கொண்டுவந்து அதில் இணைப்பார்களாம். மீதி இரைப்பை சும்மா இருக்கும், சாப்பாடு அங்கே போகாது. அந்தச் சின்னப் பையைச் சுற்றி ஒரு வளையம் போடுவார்களாம். வருஷம் போகப் போகப் பை விரிந்து பழையபடி ஆகிவிடாமல் அது பிடித்து வைத்துக்கொள்ளுமாம். எல்லாருக்கும் போடுவதில்லை, போட்டால் பலன் நிற்கும், ஆனால் சிலருக்குச் சாப்பாடு இறங்காமல் வாந்தி வரும், அபூர்வமாக இடம் நகரவும் செய்யும், அப்போது எடுக்க வேண்டிவரும் என்று ஒளிக்காமல் சொன்னார். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். கனி யோசிக்கவில்லை. போடுங்கள் என்றாள்.

மாதிரிக்கு ஒரு வளையத்தை என் கையில் கொடுத்தார். வெள்ளையாக, வழவழவென்று, பச்சைப் பிள்ளைக்கு வாங்கும் வளையலைவிடச் சின்னதாக இருந்தது. கட்டைவிரல் சிரமப்பட்டு நுழைந்தது. இது வழியாகத்தான் இனி கனியின் சாப்பாடு போக வேண்டும்.

வரும் வழியில் சாத்தூரில் டீ குடிக்க இறங்கினோம். சூடாகக் காராச்சேவு போட்டுக்கொண்டிருந்தான், வாங்கினேன். கனி வேண்டாம் என்றாள். பொட்டலத்தைப் பிரித்து அவள் மடியில் வைத்தேன். கோவில்பட்டி வருவதற்குள் தீர்ந்திருந்தது.

பிப்ரவரி 3, திங்கள்

ஆபரேஷனுக்கு முன்னால் ஈரலைச் சுருக்க வேண்டுமாம். இரண்டு வாரம் வெறும் மாவுப் பானமும் காய் வேகவைத்த தண்ணீரும்தான். காய்த் தண்ணீரும் மெஸ்ஸிலிருந்தே வருகிறது, வீட்டில் அடுப்பு எரியவில்லை. அடுப்பு எரியாத வீட்டுக்குள் நுழைந்தாலே எனக்கு ஏதோ துக்கம் விழுந்த வீடு போல இருக்கிறது. மெஸ்ஸிலேயே உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

காலையில் கனி வழக்கம் போல மெஸ்ஸுக்கு வந்து குழம்பு ருசி பார்த்தாள். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வாஷ்பேசினில் துப்பினாள். மெஸ் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் உப்பும் புளியும் அவள் நாக்குதான். மெஸ்ஸுக்குப் பெயரும் அவள் பெயர்தான். நான் பார்க்க அவள் துப்பியது இன்றுதான்.

கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். மகள் ரஞ்சனி திருநெல்வேலியிலிருந்து காலேஜுக்கு லீவு போட்டு வந்திருக்கிறாள். ஒரு இடத்தில் உட்காருங்கள் அப்பா என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். உட்கார முடியவில்லை. ஆஸ்பத்திரி கேன்டீன் வரை போய் ஒரு இட்லி சாப்பிட்டேன். சாம்பாரில் பருப்பைக் காணோம். சொல்லிவிட்டு வந்தேன்.

மதியம் டாக்டர் வெளியே வந்து எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். வளையமும் போட்டாயிற்றா என்று கேட்டேன். போட்டாயிற்று என்றார்.

பிப்ரவரி 19, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டாள். மருந்து ஊற்றும் சின்னக் கப்பில் தண்ணீரை வாய் வாயாக உறிஞ்சுகிறாள். குருவி குடிப்பது போல இருக்கிறது.

எலும்பு சூப் தெளிவாக வடித்துக் கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். விடிந்ததும் போய் நல்ல நெஞ்செலும்பாகப் பார்த்து வாங்கி, மிளகு, சீரகம் தட்டிப் போட்டு, மெல்லிய தீயில் வைத்து, துணியில் இரண்டு முறை வடித்தேன். நாலு ஸ்பூன் குடித்தாள். நெஞ்சு நிறைந்துவிட்டது என்றாள். இன்னொரு ஸ்பூன் என்று நீட்டினேன். வாயைத் திறந்தாள், ஆனால் ரஞ்சனி என் கையைப் பிடித்துவிட்டாள். மீதியை மாஸ்டரிடம் கொடுத்தேன். அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு நல்லா இருக்கு முதலாளி என்றார். எனக்கு அது ஒட்டவே இல்லை.

மார்ச் 8, சனி

மீன் குழம்பில் உப்பு தூக்கல் என்று பாங்க் மேனேஜர் சொல்லிவிட்டார். நான் ருசி பார்த்த குழம்புதான். எனக்குச் சரியாகத்தான் இருந்தது. பிறகு கனியை வரச் சொன்னேன். கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்தவள், உப்பு இல்லை, புளி முந்துகிறது, அதனால்தான் அப்படித் தெரிகிறது என்றாள். கொஞ்சம் தேங்காய் அரைத்து ஊற்றியதும் சரியாகிவிட்டது. நாக்கு போகவில்லை, அந்த மட்டும் நிம்மதி.

ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. முன்பெல்லாம் சாப்பிட வருகிறவர்கள், உங்க வீட்டம்மாவைப் பார்த்தாலே சாப்பாடு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடுகிறது என்பார்கள். கனி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். எனக்குப் பெருமையாக இருக்கும். இன்று ஒருவர், அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

மார்ச் 25, செவ்வாய்

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சரோடு காலையில் நடக்கப் போகிறாள். ரயில்வே கேட் வரை போய்த் திரும்புகிறார்கள். ஷூ வாங்கியிருக்கிறாள். சேலைக்குக் கீழே ஷூ. மொட்டை மாடியில் நின்று பார்த்தேன். இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டே தெரு முனை திரும்பினார்கள். அப்படி என்ன பேசுவார்கள் என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

சர்க்கரை மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். நல்ல விஷயம்தான்.

குறட்டை நின்றுவிட்டது. அது நின்றதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. மூச்சு வருகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

ரஞ்சனிக்குப் பிறந்தநாள். நேற்றே வந்துவிட்டாள். மெஸ்ஸுக்கு லீவு விட்டுவிட்டு வீட்டில் நானே சமைத்தேன். வெள்ளாட்டுக்கறி, இளசு. சின்ன வெங்காயம் அள்ளிப் போட்டு, மிளகு மட்டும் சேர்த்துச் சுக்கா. வீடு முழுக்க மணந்தது. எத்தனை மாதம் ஆயிற்று இந்த வீடு மணந்து.

கனிக்கு டாக்டர் இன்னும் கறியைச் சொல்லவில்லை. மீனும் முட்டையும் மசித்துச் சாப்பிடலாம், கறி போகப் போகப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் இது பஞ்சு போல வெந்த கறி. விரலால் பிட்டால் பிட்டுக்கொண்டு வரும். ரஞ்சனி உள்ளே போனில் சிநேகிதிகளோடு பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வாய்தானே, பிள்ளையின் பிறந்தநாள் என்று சொல்லி நானே எடுத்து ஊட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஆனால் வாங்கிக்கொண்டாள். ஆசை இல்லாமலா வாங்குவாள்? இன்னொரு வாயும் வாங்கினாள்.

பிறகு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு எழுந்து போனாள். வாயுவாக இருக்கும் என்று நினைத்தேன். கோலி சோடா உடைத்துக் கொடுத்தேன். அதுவும் வெளியே வந்துவிட்டது. எச்சில்கூட இறங்கவில்லை என்கிறாள். கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு துப்பிக்கொண்டிருக்கிறாள்.

கறி பஞ்சு போலத்தான் வெந்திருந்தது.

ஏப்ரல் 7, திங்கள்

விடிந்ததும் கார் பிடித்து மதுரைக்குப் போனோம். வாய் வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். வளையத்துக்கு மேலே ஒரு கறித்துண்டு போய் அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

டாக்டர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கனி முந்திக்கொண்டாள். அவசரத்தில் மெல்லாமல் முழுங்கிவிட்டேன், என் தப்புதான் என்றாள். ரஞ்சனி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன்.

வளையத்தில் ஏதும் கோளாறா என்று கேட்டேன். இல்லை, போட்ட இடத்தில் போட்டபடி இருக்கிறது என்றார். இவ்வளவு இடைஞ்சல் என்றால் அதை எடுத்துவிடுங்களேன் என்றேன். கனி வேதனைப்படுவதைப் பார்க்க முடியவில்லை, அதனால்தான் கேட்டேன். டாக்டர் எனக்குப் பதில் சொல்லவில்லை. கனியைப் பார்த்து, உங்களுக்கு எடுக்க வேண்டுமா அம்மா என்றார். கனி வேண்டாம் என்றாள். ஊர் வந்து சேரும் வரை கார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தாள்.

ஏப்ரல் 9, புதன்

ரஞ்சனி காலையில் கிளம்பிப் போய்விட்டாள். போகும்போது என்னிடம் சரியாகப் பேசவில்லை.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து கனியிடம் மறுபடி எடுத்துச் சொன்னேன். இன்றைக்குக் கறி, நாளைக்கு வேறொன்று, ஒவ்வொரு தடவையும் மதுரைக்கு ஓட முடியுமா, வளையம் இல்லாமலே வயிறு சின்னதாகத்தானே இருக்கும், அதை மட்டும் எடுத்துவிடலாம் என்று. அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

“நீங்க ஒண்ணு குடுத்தா வேண்டாம்னு சொல்ல எனக்கு இன்னிக்கு வரைக்கும் வாய் வந்ததில்ல. எனக்குப் பதிலா அந்த வளையம் சொல்லுது. அதையும் எடுக்கச் சொல்லுதீகளே, அப்புறம் நான் என்ன செய்வேன்?”

நான் மெஸ்ஸுக்குப் போய்விட்டேன். ஒரு கூடை சின்ன வெங்காயம் உரித்தேன். உரிக்க ஆள் இருக்கிறது.

ஏப்ரல் 10, வியாழன்

எழுத ஒன்றும் இல்லை. வெயில்.

மே 18, ஞாயிறு

இப்போதெல்லாம் மூன்று வேளையும் மெஸ்ஸிலேயே சாப்பிட்டுக்கொள்கிறேன். கனி வீட்டில் தனக்கு வேண்டியதைத் தானே செய்து சாப்பிடுகிறாள். இரண்டு பேருக்கும் வசதி. அவள் சாப்பிடுவதை நான் பார்க்க வேண்டியதில்லை, நான் பார்ப்பதை அவளும் பார்க்க வேண்டியதில்லை.

நேற்று மறந்துபோய் அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். வாசல் வரை போய், திரும்பி, மாஸ்டரின் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். மாஸ்டரின் மனைவி என்ன விசேஷம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

கிரைண்டர் பெல்ட் மறுபடியும் சத்தம் போடுகிறது.

ஜூன் 22, ஞாயிறு

இனிமேல் மதிய நேரம் கல்லாவில் நான் நிற்கிறேன் என்று கனி வந்துவிட்டாள். நிற்கிறேன் என்றுதான் சொன்னாள், அப்படியே மதியச் சாப்பாட்டுக் கூட்டம் முடியும் வரை நின்றாள். முன்பு ஸ்டூலில் உட்கார்ந்தாலே ஸ்டூல் முனகும். இப்போது டோக்கன் கொடுக்கிறாள், தண்ணீர் இல்லாத மேசைக்குத் தானே எடுத்துக்கொண்டு ஓடுகிறாள்.

தூத்துக்குடியிலிருந்து மாதம் ஒருமுறை வரும் மருந்து கம்பெனிக்காரர், என்ன அண்ணாச்சி, தங்கச்சி வந்திருக்காகளா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். கனி ரொம்ப நேரம் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு பின்கட்டுக்குப் போய்க் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். தொப்பையும் நரையுமாக ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான்.

சர்க்கரை மாத்திரையை முழுவதுமாக நிறுத்திவிட்டார்கள். டாக்டருக்கு ரொம்பச் சந்தோஷமாம், கனி சொன்னாள். இப்போதெல்லாம் ஸ்டெல்லா டீச்சரைக் கூட்டிக்கொண்டு அவளே மதுரைக்குப் போய்வருகிறாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆவணி முகூர்த்தம். மூன்று வீட்டுக்குச் சாப்பாடு அனுப்பினோம். கால் கடுக்கிறது.

ஒன்று கவனித்தேன். கனி சாப்பிட்டு எழுந்ததும் பின்கட்டில் குழாயைத் திறந்துவிடுகிறாள். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடுகிறது. கை கழுவ அவ்வளவு நேரமா? கேட்கலாம் என்று போனேன். துடைத்த முகத்தோடு வெளியே வந்து, அந்த மூணாம் மேசைக்கு அப்பளம் வச்சாச்சா என்றாள்.

ஆகஸ்ட் 30, சனி

இட்லியும் பாதியோடு நிற்கிறது. போன மாதம் ஒன்றரை இட்லி சாப்பிட்டாள். நான் பார்க்கவில்லை என்றாலும் தட்டு சொல்லுமே.

செப்டம்பர் 5, வெள்ளி

மெஸ்ஸின் பின்கட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். கஞ்சிதான் குடித்திருந்தாள். கஞ்சி எப்படி அடைக்கும்? என்னைப் பார்த்ததும் மண்ணைத் தள்ளி மூடினாள். அவசரமாகக் குடித்துவிட்டேன் என்றாள். மதுரைக்குப் போய்வருவோம் என்றேன். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“எப்படா கழட்டலாம்னு பாத்துக்கிட்டு இருக்கீக.”

அப்படி இல்லை என்று சொல்ல வந்தேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

ரஞ்சனிக்குப் போன் போட்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லு, உன் பேச்சைக் கேட்பாள் என்றேன். அப்பா, மறுபடியும் ஆரம்பிக்காதீங்க, அம்மா இப்பதான் நல்லா இருக்காங்க என்று வைத்துவிட்டாள். தினமும் அவளிடம் போனில் நல்லாச் சாப்பிடுறேன் என்றுதான் கனி சொல்கிறாள். பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

இந்தத் தடவை நான் ஒன்றும் கொடுக்கவில்லை. சத்தியமாக ஒன்றும் கொடுக்கவில்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

செப்டம்பர் 9, செவ்வாய்

ஸ்டெல்லா டீச்சரைத் தெருவில் நிறுத்திக் கேட்டேன். ஒரு வாரமாக அவள் நடக்க வருவதில்லையாம். மெஸ்ஸில் வேலை ஜாஸ்தி என்று சொல்லியிருக்கிறாள்.

காலையில் ஷூ போட்டுக்கொண்டு கிளம்புகிறாள். எங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாள்?

செப்டம்பர் 11, வியாழன்

மதியம் கல்லாவில் ஒருவருக்கு மீதி கொடுக்கும்போது தடுமாறினாள். கையில் இருப்பது ஒரு நோட்டா இரண்டா என்று தெரியாதது போலத் தடவிப் பார்த்தாள். அவரே எடுத்துக் காட்டிவிட்டுப் போனார். கல்லாவை விட்டு நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். கால் மரத்துப்போய்விட்டது, நின்றதால்தான் என்றாள். வெயில் என்றாள். நேற்று மழை.

பால் கலந்த தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போவதாகத் தெரியவில்லை. முந்தானை நுனியில் எச்சிலைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.

மாஸ்டர் சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அக்காவை இப்படியே விட்டுறாதீங்க முதலாளி என்றார். பத்துப் பாத்திரம் சரியாகக் கழுவவில்லை என்று அவரைத் திட்டிவிட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

மெஸ்ஸைத் திறக்கவில்லை. காலையில் கனிக்கு முன்னால் போய் நின்றேன். கட்டிலில் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் ஒரு கண்ணால் பார்க்கிறாய் என்று கேட்டேன். இரண்டு கண்ணாலும் பார்த்தால் இரண்டு கடிகாரம் தெரிகிறது என்றாள். சொல்லிவிட்டுப் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டாள்.

நேற்றிலிருந்து மனதுக்குள் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். எல்லாம் போய்விட்டது. இதுதான் சொன்னேன்.

“கனி, நான் டாக்டர் ரூமுக்குள்ள வரல. வெளிய உக்காந்துக்கிடுதேன். நீயே பேசு. இருக்கட்டும்னா இருக்கட்டும், எடுக்கணும்னா எடுக்கட்டும். நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

நம்பாமல் பார்த்தாள். அதற்கு மேல் பேசினால் கெடுத்துவிடுவேன் என்று தெரிந்தது. கடைசியில், அந்தப் பச்சைச் சேலையை எடுத்துக் குடுங்க என்றாள்.

கார் சாத்தூர் தாண்டும்போது என் தோளில் சாய்ந்துகொண்டாள். எடையே இல்லை. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 13, சனி

நேற்று முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தேன். நர்ஸ் வந்து, பேஷன்ட்டோட வீட்டுக்காரர் யாரு, டாக்டர் கூப்பிடுறாங்க என்றது. அவங்களே பேசுவாங்கம்மா என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனது. பெண்டாட்டி மேல் அக்கறை இல்லாத ஆள் என்று நினைத்திருக்கும். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் ஒரு கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இதுவரை எனக்குத் தெரியாது. நாலு தடவை எழுந்து கதவு வரை போனேன். நாலு தடவையும் திரும்பி வந்தேன்.

வெள்ளையாக ஏதோ குடிக்கக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். பிறகு சக்கர நாற்காலியில் கனி வெளியே வந்தாள். கையில் ஊசி குத்தி டிரிப் பாட்டில் தொங்கியது. அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வளையம் இடம் நகர்ந்து கீழே இறங்கிவிட்டது. குடலை இணைத்த இடத்தில் போய் உட்கார்ந்து நெரிக்கிறது. தண்ணீர் மட்டும் கசிந்து இறங்குகிறது. இத்தனை நாள் வாந்தியில் உடம்பில் ஏதோ ஒரு வைட்டமின் சுத்தமாகத் தீர்ந்துபோயிருக்கிறது, அதுதான் காலையும் கண்ணையும் பிடித்திருக்கிறது. முதலில் அதை ஊசியில் ஏற்றி, உடம்பு தாங்கியதும் வளையத்தை எடுக்க வேண்டும். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் மூளைக்குப் போயிருக்கும் என்றாராம் டாக்டர்.

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். எடுங்கள் என்று சொல்லிவிட்டேன் என்றாள். சொல்லும்போது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வார்டுக்குப் போய்க் கட்டிலில் படுத்த பிறகுதான் அழுதாள். சத்தமில்லாமல், தலையணைக்குள். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

“இனிமே வேண்டாம்னு நானேதான் சொல்லணும்போல” என்றாள்.

அவள் காலைப் பிடித்துவிட்டேன். மரத்துப்போன கால், பிடிப்பது தெரிகிறதா என்று கேட்டேன். கொஞ்சம் என்றாள்.

ரஞ்சனி வந்துவிட்டாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நீங்க சொன்னதை நான் கேட்கல அப்பா என்றாள். நான் சொன்னதை யார் கேட்டிருக்க முடியும்? தலையைத் தடவிவிட்டு, கேன்டீனில் ஏதாவது சாப்பிட்டு வா என்று அனுப்பினேன்.

செப்டம்பர் 18, வியாழன்

எடுத்துவிட்டார்கள். நல்லபடியாக இருக்கிறாள். இன்று காலை இரண்டு கண்ணாலும் ஒரே என்னைத்தான் பார்த்தாளாம். அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

செப்டம்பர் 23, செவ்வாய்

டிஸ்சார்ஜ். டாக்டர் கூப்பிட்டார். நான் வராந்தாவிலேயே நின்றேன். கனி வாசலில் திரும்பிப் பார்த்து, நீங்களும் வாங்க என்றாள்.

சின்ன வயிறு அப்படியேதான் இருக்கிறது, வளையம் அதற்கு ஒரு துணைதான் என்றார் டாக்டர். இனி வருஷம் போகப் போகக் கொஞ்சம் எடை ஏறலாம், ஏறாமலும் பார்த்துக்கொள்ளலாம், இவ்வளவு தூரம் வந்தவர் அவர்தான், வளையம் இல்லை என்றார். கனி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டாள். கறி எப்போது சாப்பிடலாம் என்று அவளே கேட்டாள். எனக்குக் காது சூடாகிவிட்டது. டாக்டர் என் பக்கம் திரும்பி, உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். இல்லை என்றேன்.

அக்டோபர் 2, வியாழன்

காந்தி ஜெயந்தி. கறி கிடையாது, கூட்டமும் குறைவு. கனி தெருக்கோடி வரை நடந்துவிட்டு வந்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டு. கால் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. நாள் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நடக்கும்போது அவள் ஸ்டெல்லா டீச்சரோடு என்ன பேசுவாள் என்று இன்று தெரிந்தது. ஒன்றுமே இல்லை. எந்த வீட்டில் என்ன பூ பூத்திருக்கிறது, யார் வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது, இதுதான்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று வீட்டில் சமைத்தேன். என்ன செய்யட்டும் என்று கனியிடம் கேட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தேன். இடியாப்பமும் தேங்காய்ப்பால் குழம்பும் கேட்டாள்.

இரண்டு தட்டு வைத்து, எதிரில் நானும் உட்கார்ந்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து கனியோடு உட்கார்ந்து நான் சாப்பிட்டது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான். மெஸ்காரனுக்கு நின்றபடிதான் வாழ்க்கை. மற்றவர்கள் சாப்பிடும்போது நான் பரிமாறுவேன், எல்லாம் முடிந்த பிறகு ஒரு மூலையில் அள்ளிப் போட்டுக்கொள்வேன். அவள் சாப்பிடுவதை முழுசாக இன்றுதான் பார்த்தேன். ஒரு விள்ளல் எடுத்தாள், ரொம்ப நேரம் மென்றாள், கீழே இறங்குகிறதா என்று கொஞ்சம் காத்திருந்தாள், பிறகு அடுத்த விள்ளல். அவள் வேகத்துக்கு மெல்ல முயன்றேன். பாதியில் என் தாடை வலித்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் தட்டில் கொஞ்சம் இடியாப்பம் மீதி இருந்தது. குழம்பு வற்றியிருந்தது. கரண்டியை எடுத்துவிட்டேன், யோசிக்காமல் கை போய்விட்டது.

“போதும்” என்றாள்.

மெஸ்ஸில் யாராவது போதும் என்றால் இன்னொரு கரண்டி ஊற்றுவோம். வேண்டாம் வேண்டாம் என்று இலைக்கு மேல் கையை மறித்தால் விரலிடுக்கில் ஊற்றுவோம். அதுதான் எங்கள் மெஸ்ஸுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. போதும் என்பதற்கு எங்கள் தொழிலில் அர்த்தம் கிடையாது. இலையைப் பார்த்துத்தான் பரிமாறுவோம், முகத்தைப் பார்ப்பதில்லை.

கரண்டி அந்தரத்தில் நின்றது. குழம்பு ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. நான் கனியின் முகத்தைப் பார்த்தேன். அவள் தலை குனியவில்லை. கையைக் கொண்டுவந்து தட்டை மூடவும் இல்லை. சொன்னது சொன்னபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது. எவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.

கரண்டியைத் திருப்பி என் தட்டில் ஊற்றிக்கொண்டேன்.

கனி மீதி இருந்த விள்ளலை ஓரமாக ஒதுக்கிவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.